குடியுரிமை உண்டு, ஓட்டு இல்லை: போர்ட்டோ ரிக்கோ தீவு சொல்லும் பாடம்

ஒருவர் ஒரு நாட்டின் குடிமகன் என்றால், அந்த நாட்டுத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமையும் அவருக்குத் தானாக வந்துவிடும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். வயது 18 நிரம்ப வேண்டும், பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதானே என்று சொல்வோம். ஆனால் பிறவியிலேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்றும், அமெரிக்கப் படையில் சேர்ந்து போருக்குப் போயும், அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போட முடியாத மக்கள் ஒரு தீவு முழுக்க இருக்கிறார்கள். அந்தத் தீவின் பெயர் போர்ட்டோ ரிக்கோ.

வெளியூரில் வந்து குடியேறி வாழும் நமக்கு இந்தத் தீவின் கதை பல விதங்களில் சிந்திக்கத் தக்கது. குடியுரிமை வேறு, ஓட்டுரிமை வேறு, ஓட்டுரிமைக்கும் வசிக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பு என்ன என்பதையெல்லாம் இதைவிடத் தெளிவாக விளக்கும் உதாரணம் கிடைப்பது அரிது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

தீவும் அதன் கைமாற்றமும்

போர்ட்டோ ரிக்கோ கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவு. நீளம் சுமார் 160 கிலோமீட்டர், அகலம் சுமார் 55 கிலோமீட்டர். பரப்பளவில் நமது அந்தமான் நிக்கோபார் தீவுக் கூட்டத்தைவிடச் சற்றே பெரியது. ஆனால் மக்கள்தொகை மிக அதிகம். 2020 கணக்கெடுப்பின்படி 32 லட்சத்து 85 ஆயிரத்துக்கும் மேல். தலைநகர் சான் ஹுவான். மக்கள் பேசுவது ஸ்பானிய மொழி. ஏறத்தாழ 400 ஆண்டுகள் அது ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்ததே அதற்குக் காரணம்.

1898-ல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. ஸ்பெயின் தோற்றது. அவ்வாண்டு டிசம்பரில் பாரீஸில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் ஆகிய தீவுகள் அமெரிக்காவின் கைக்கு வந்தன. அங்கே வாழும் மக்களின் உரிமைகளையும் அரசியல் நிலையையும் அமெரிக்கக் காங்கிரஸ் பின்னர் தீர்மானிக்கும் என்று அந்த உடன்படிக்கையில் எழுதி வைத்தார்கள். (காங்கிரஸ் என்றால் நம் ஊர்க் கட்சி அல்ல, அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் அது.) அந்தப் "பின்னர்" என்ற சொல்லின் பலனைத்தான் தீவு மக்கள் 125 ஆண்டுகளுக்கும் மேலாக அனுபவித்து வருகிறார்கள்.

1900-ல் ஒரு சட்டம் வந்தது. கவர்னரை அமெரிக்க ஜனாதிபதியே நியமிப்பார். தீவு மக்கள் "போர்ட்டோ ரிக்கோவின் குடிமக்கள்" எனப்படுவார்கள் என்றது அது. ஸ்பெயினின் குடிமக்களாகவும் இல்லை, அமெரிக்கக் குடிமக்களாகவும் இல்லை. அப்படி ஒரு தனி நாடும் உலகப் படத்தில் கிடையாது.

ஆரஞ்சுப் பழமும் ஒரு பெண்ணும்

இந்தக் குழப்பம் விரைவிலேயே நீதிமன்றத்துக்குப் போனது. சான் ஹுவானிலிருந்து நியூயார்க் துறைமுகத்துக்கு வந்த ஆரஞ்சுப் பழங்களுக்குச் சுங்க வரி கேட்டார்கள். "தீவு அமெரிக்காவின் பகுதிதானே, உள்நாட்டுச் சரக்குக்குச் சுங்கம் எதற்கு?" என்று வியாபாரி வழக்குப் போட்டார். 1901-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் வியாபாரிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீவு அமெரிக்காவுக்குச் சொந்தமானது, ஆனால் வரி விஷயத்தில் அமெரிக்காவின் பகுதி ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். பழத்துக்காக எழுந்த இந்த வழக்கும் அதையொட்டி வந்த வேறு சில வழக்குகளும் "தீவு வழக்குகள்" என்று சட்ட வரலாற்றில் பெயர் பெற்றுவிட்டன. அரசியல் சட்டம் தீவுகளுக்கு முழுமையாகப் பொருந்தாது என்ற கொள்கை அங்கேதான் பிறந்தது.

அடுத்த வழக்கு ஓர் இளம்பெண்ணைப் பற்றியது. 1902-ல் இசபெல் கொன்சாலெஸ் என்ற பெண் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கப்பலில் நியூயார்க் வந்தார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். அதிகாரிகள் அவரை வெளிநாட்டினர் என்று கருதி, அரசாங்கத்துக்குப் பாரமாகிவிடுவார் என்று சொல்லி, எல்லிஸ் தீவிலேயே தடுத்து நிறுத்தினார்கள். அவர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனார். 1904-ல் தீர்ப்பு வந்தது: அவர் வெளிநாட்டினர் அல்லர், ஆகவே தடுக்கக் கூடாது. அப்படியானால் அவர் அமெரிக்கக் குடிமகளா? அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லாமலே விட்டுவிட்டது.

1917: குடியுரிமை வந்தது

1917 மார்ச் 2 அன்று ஜனாதிபதி உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட ஜோன்ஸ் சட்டம் தீவு மக்களுக்கு ஒட்டுமொத்தமாக அமெரிக்கக் குடியுரிமை வழங்கியது. வேண்டாம் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்படிக் கொடுத்தவர்கள் சில நூறு பேர்தான். அடுத்த மாதமே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. தீவின் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் படைக்கு எடுக்கப்பட்டார்கள்.

குடியுரிமை வந்துவிட்டதே, இனி எல்லா உரிமையும் வந்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு 1922-ல் ஏமாற்றம் காத்திருந்தது. பால்சாக் என்ற தீவுப் பத்திரிகையாசிரியர் மீது அவதூறு வழக்கு. அமெரிக்கக் குடிமகன் என்ற முறையில் தமக்கு ஜூரி விசாரணை வேண்டும் என்று அவர் கேட்டார். தலைமை நீதிபதி டாஃப்ட் எழுதிய தீர்ப்பு மறுத்துவிட்டது. அவர் சொன்ன காரணம்தான் முக்கியம்: உரிமையைத் தீர்மானிப்பது ஆளின் குடியுரிமை அல்ல, அவர் இருக்கும் இடம். அதே போர்ட்டோ ரிக்கோகாரர் கப்பலேறி அமெரிக்க மாநிலம் ஒன்றில் குடியேறிவிட்டால், மற்ற எந்த அமெரிக்கருக்கும் உள்ள எல்லா உரிமையும் அவருக்கு உண்டு. தீவில் இருக்கும் வரை கிடையாது.

ரயில்வேக்காரன் பாஷையில் சொன்னால், கையில் பாஸ் இருக்கிறது, பெட்டியில் பெர்த் இல்லை. பெர்த் வேண்டுமென்றால் வேறு ஸ்டேஷனில் போய் ஏறச் சொல்கிறார்கள்.

இன்று அவர்களுக்கு உள்ளவையும் இல்லாதவையும்

தீவுக்குள் சுயாட்சி படிப்படியாக வளர்ந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் சட்டம் 1929-ல் வந்தது. 1935-ல் அது எல்லாப் பெண்களுக்கும் விரிந்தது. 1948-ல் முதன்முறையாகக் கவர்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். வென்றவர் லூயிஸ் முனோஸ் மாரின். 1952-ல் தீவுக்குச் சொந்த அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்றைய நிலையைச் சுருக்கமாகக் கீழே தருகிறேன்.

1. தீவில் பிறக்கும் குழந்தை அமெரிக்கக் குடிமகனாகவே பிறக்கிறது. விசா எதுவும் இன்றி அமெரிக்காவில் எங்கும் போய் வாழலாம், வேலை பார்க்கலாம்.

2. தீவின் கவர்னர், சட்டசபை, மேயர் தேர்தல்களில் முழு ஓட்டுரிமை உண்டு.

3. அமெரிக்கக் கட்சிகள் தங்கள் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். ஆனால் நவம்பரில் நடக்கும் உண்மையான ஜனாதிபதித் தேர்தலில் அந்த ஓட்டு இல்லை.

4. செனட் சபையில் ஒரு இடமும் இல்லை. பிரதிநிதிகள் சபையில் "ரெசிடென்ட் கமிஷனர்" என்று ஒருவர் உண்டு. அவர் பேசலாம், மசோதா கொண்டு வரலாம், கமிட்டியில் ஓட்டுப் போடலாம். சபையில் மசோதா மீது இறுதி ஓட்டெடுப்பு நடக்கும்போது அவருக்கு ஓட்டு இல்லை.

5. தீவிலேயே சம்பாதிக்கும் பணத்துக்குப் பெரும்பாலோர் மத்திய வருமான வரி கட்டுவதில்லை. ஆனால் முதியோர் ஓய்வூதியம், முதியோர் மருத்துவம் ஆகியவற்றுக்கான சம்பளப் பிடித்தம் மற்ற அமெரிக்கர்களைப் போலவே உண்டு.

ஒரு ஒப்பீட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் யூட்டா என்று ஒரு மாநிலம் உள்ளது. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை போர்ட்டோ ரிக்கோவுக்கு ஏறக்குறைய சமம். சொல்லப்போனால் சில ஆயிரம் குறைவு. யூட்டாவுக்கு செனட்டர்கள் 2, பிரதிநிதிகள் 4, ஜனாதிபதித் தேர்தலில் 6 ஓட்டுகள். போர்ட்டோ ரிக்கோவுக்கு மூன்றிலும் பூஜ்யம்.

இதற்குக் காரணம் என்ன?

அமெரிக்க ஜனாதிபதியை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்குத் தேர்வாளர்களை அனுப்புகிறது. மொத்தம் 538 பேர். "ஒவ்வொரு மாநிலமும்" என்றுதான் அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறது. போர்ட்டோ ரிக்கோ மாநிலம் அல்ல, பிரதேசம். ஆகவே அதற்குத் தேர்வாளர் இல்லை. நாட்டின் தலைநகரான வாஷிங்டனுக்கும் இதே கதிதான் இருந்தது. 1961-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அதற்கு 3 ஓட்டுகள் கொடுத்தார்கள். தீவுகளுக்கு அப்படி ஒரு திருத்தம் இதுவரை வரவில்லை.

இதனால் ஏற்படும் வினோதங்கள் சிரிப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருபவை. நியூயார்க்கில் வசித்த ஒரு அமெரிக்கர் வேலைக்காகச் சென்னைக்கு வந்து பத்து வருஷம் தங்கினாலும், கடைசியாக வசித்த மாநிலத்தின் ஓட்டைத் தபாலில் போடலாம். அதே ஆள் போர்ட்டோ ரிக்கோவுக்குக் குடிபோனால், அங்கே அமெரிக்கக் கொடியே பறந்தாலும், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு போய்விடும். விண்வெளியில் சுற்றும் அமெரிக்க வீரரும்கூட ஓட்டுப் போட 1997-ல் டெக்சாஸ் மாநிலம் சட்டம் செய்து கொடுத்தது. வானத்திலிருந்து போட முடிகிற ஓட்டைத் தீவிலிருந்து போட முடியவில்லை.

குவாம், அமெரிக்க வர்ஜின் தீவுகள், வட மரியானா தீவுகள் ஆகிய இடங்களிலும் இதே நிலைதான். அமெரிக்க சமோவா என்ற தீவுக் கூட்டத்தில் இன்னும் ஒரு படி கீழே. அங்கே பிறப்பவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்தவர்கள், ஆனால் பிறப்பால் குடிமக்கள் அல்லர்.

ஓட்டு இல்லாததால் என்ன நஷ்டம்?

கவர்னர் இருக்கிறார், சட்டசபை இருக்கிறது, வருமான வரியும் இல்லை. பிறகு என்ன குறை என்று கேட்கலாம். அண்மைக் காலத்து மூன்று நிகழ்ச்சிகள் இதற்கு விடை தருகின்றன.

முதலாவது, கடன். தீவு அரசின் கடன் 7,000 கோடி டாலரைத் தாண்டியபோது, 2016-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. ஜனாதிபதி நியமிக்கும் ஏழு பேர் கொண்ட வாரியம் ஒன்று தீவின் வரவு செலவை மேற்பார்வையிடும். தீவின் சட்டசபை போடும் பட்ஜெட் இந்த வாரியத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். சட்டத்தைச் செய்த சபையிலும் தீவுக்கு ஓட்டு இல்லை, வாரியத்தை நியமித்த ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்ததிலும் ஓட்டு இல்லை.

இரண்டாவது, புயல். 2017 செப்டம்பரில் மரியா புயல் தீவைச் சிதைத்தது. பின்னர் செய்த ஆய்வின்படி இறந்தவர்கள் 2,975 பேர். மின்சாரம் பல இடங்களில் மாதக்கணக்கில் இல்லை. நிவாரணம் தாமதமானது என்ற குறை எழுந்தபோது, ஓட்டு வைத்திருக்கும் மாநிலமாக இருந்தால் இப்படி நடக்குமா என்று தீவு மக்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, ஒரு தனி மனிதரின் வழக்கு. தீவில் பிறந்த ஒருவர் நியூயார்க்கில் வாழ்ந்தபோது உடல்நலம் கெட்டு, ஏழைகளான முதியோர்க்கும் ஊனமுற்றோர்க்கும் மத்திய அரசு தரும் உதவித் தொகையைப் பெற்று வந்தார். 2013-ல் தீவுக்குத் திரும்பினார். உதவித் தொகை தொடர்ந்து வந்தது. போர்ட்டோ ரிக்கோவில் வசிப்பவர்களுக்கு இந்த உதவி கிடையாது என்பது அரசுக்குப் பின்னர்தான் உறைத்தது. கொடுத்ததில் 28,000 டாலருக்கு மேல் திருப்பிக் கொடு என்று அவர் மீது வழக்குப் போட்டார்கள். 2022-ல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில், இப்படி வேறுபடுத்தக் காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னது. தீவில் பெரும்பாலான மத்திய வரிகள் இல்லையே என்பது காரணம். மாறுபட்ட ஒரே நீதிபதி சோனியா சோட்டோமேயர்; அவருடைய பெற்றோர் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்கள். குடியுரிமையும் நோயும் மாறாதிருக்க, வசிக்கும் ஊர் மாறியதால் மட்டும் உதவி நின்றது.

தீவு மக்களே ஒருமித்த கருத்தில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் 51-வது மாநிலம் ஆகலாம் என்பவர்கள் உண்டு. இப்போதைய சுயாட்சியே போதும், மாநிலமானால் மொழியும் பண்பாடும் கரைந்துவிடும், வரியும் ஏறும் என்பவர்கள் உண்டு. முழு விடுதலை கேட்பவர்களும் உண்டு. 1967 முதல் 2024 வரை ஏழு முறை மக்களிடம் கருத்துக் கேட்டாகிவிட்டது. 2020-ல் சுமார் 52 சதவீதம் பேர் மாநிலமாவதை ஆதரித்தார்கள். 2024-லும் செல்லுபடியான ஓட்டுகளில் பாதிக்கு மேல் அதற்கே விழுந்தன. ஆனால் முடிவு செய்ய வேண்டியது காங்கிரஸ்; அது முடிவு செய்யவில்லை. 1959-ல் ஹவாய்த் தீவுகளை மாநிலமாக்கிய அதே காங்கிரஸ்தான் இது.

இதற்கிடையில் மக்கள் தாங்களே ஒரு வழி கண்டுகொண்டார்கள். இன்று தீவில் இருப்பதைவிட அதிகமான போர்ட்டோ ரிக்கோகாரர்கள், 50 லட்சத்துக்கும் மேல், நியூயார்க், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் வாழ்கிறார்கள். அங்கே பெயரைப் பதிந்து ஓட்டுப் போடுகிறார்கள். ஜனாதிபதி வேட்பாளர்கள் அவர்கள் தெருவுக்கு வந்து ஸ்பானிய மொழியில் ஓட்டுக் கேட்கிறார்கள்.

நம் நாட்டுத் தீவுகளில் எப்படி?

அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும் நமது யூனியன் பிரதேசங்கள். 1950-ல் நமது அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது குடியுரிமையில் தீவு, தரை என்ற பேதம் வைக்கவில்லை. ஆனால் ஓட்டு உடனே வரவில்லை. தொடக்க கால மக்களவைகளில் இந்தத் தீவுகளின் உறுப்பினரை ஜனாதிபதியே நியமித்தார். 1965-ல் சட்டம் செய்து, 1967 தேர்தலில்தான் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். அந்தமானில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கே.ஆர். கணேஷ் பிற்பாடு மத்திய அமைச்சரானார். லட்சத்தீவில் அந்த 1967-ல் வென்ற பி.எம். சயீத் தொடர்ந்து பத்து முறை வென்று, மக்களவையின் துணை சபாநாயகராகவும் இருந்தார்.

லட்சத்தீவின் வாக்காளர்கள் 60 ஆயிரத்துக்கும் குறைவு. இருந்தும் அவர்களுடைய எம்.பி.யின் ஓட்டு, 30 லட்சத்துக்கும் மேல் வாக்காளர் உள்ள மல்காஜ்கிரி எம்.பி.யின் ஓட்டுக்குச் சமம். நம் ஜனாதிபதித் தேர்தலிலும் அவர் ஓட்டுப் போடுகிறார். 2024 தேர்தலில் கிரேட் நிக்கோபார் காட்டில் வாழும் ஷோம்பென் பழங்குடியினர் 7 பேர் வந்து ஓட்டுப் போட்டதைச் செய்தித்தாளில் பலரும் படித்திருப்பீர்கள்.

குறையும் இல்லாமலில்லை. இந்த இரு பிரதேசங்களுக்கும் சட்டசபை கிடையாது, மாநிலங்களவையில் இடமும் கிடையாது. மதுரையிலிருந்து அந்தமானுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு ஊரில் எம்.எல்.ஏ., எம்.பி. என்று இரண்டு ஓட்டு இருந்தது; அங்கே நாடாளுமன்றத்துக்கு ஒன்றுதான். நம் நாட்டிலும் இடம் மாறினால் ஓட்டின் அளவு மாறுகிறது. ஆனால் ஓட்டே இல்லாமல் போவதில்லை.

நமக்கு என்ன பாடம்?

ரயில்வேயில் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு மாற்றல் என்று பல ஊர்க் குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவன் நான். அங்கெல்லாம் நம்மவர்களிடம் ஒரு பழக்கத்தைக் கண்டிருக்கிறேன். ரேஷன் கார்டு இங்கே, காஸ் இணைப்பு இங்கே, பிள்ளைகளின் பள்ளி இங்கே. ஓட்டு மட்டும் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ இருக்கும். தேர்தல் நாளில் ஊருக்குப் போக லீவு கிடைக்காது, டிக்கெட் கிடைக்காது. இங்கே பட்டியலில் பெயர் இல்லை. இரண்டு இடத்திலும் ஓட்டு இல்லாமல் ஆண்டுக்கணக்கில் போய்விடும். சாக்கடை அடைப்பும் தண்ணீர்ப் பிரச்சினையும் எழும்போது வார்டு கவுன்சிலர் நம் காலனிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று அங்கலாய்ப்போம். பட்டியலில் நம் பெயர்கள் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

போர்ட்டோ ரிக்கோகாரர் கடல் தாண்டிப் போய்ப் பெற வேண்டியிருக்கும் உரிமை, நமக்கு இருக்கும் இடத்திலேயே ஒரு படிவத்தில் கிடைக்கிறது. நம் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. ஓட்டு என்பது சாதாரணமாக வசிக்கும் இடத்தில்தான். சொந்த ஊரில் வீடு இருக்கிறது என்பதால் மட்டும் அந்த ஊரில் வசிப்பவராகக் கருதப்பட மாட்டார். வாடகை வீடோ குவார்ட்டர்ஸோ, வசிப்பது எங்கேயோ அங்கே பதியலாம். எந்த மாநிலத்தில் பிறந்தவர், என்ன மொழி பேசுபவர் என்பது பொருட்டல்ல.

2. ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டு பொய்யாக உறுதி கூறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. 2025-ல் பீகாரில் தொடங்கி, தமிழ்நாடு உள்பட வேறு பல மாநிலங்களிலும் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டதால், இரட்டைப் பதிவு உள்ளவர்கள் உடனே ஒன்றை முடிவு செய்வது நல்லது.

3. முதன்முறை பதிவதற்குப் படிவம் 6. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாற்றிக்கொள்ளப் படிவம் 8. இணையம் வழியாகவும் கொடுக்கலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம்.

4. முன்பு ஜனவரி 1 ஒன்றே தகுதி நாள். 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு நாட்கள். அந்தத் தேதியில் 18 நிரம்பிய பிள்ளைகள் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம்.

சொந்த ஊர்ப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால் ஊரோடு உறவு விட்டுப்போய்விடும் என்று பெரியவர்கள் தயங்குவது உண்டு. குலதெய்வம், நிலபுலன், உறவுமுறை எதற்கும் வாக்காளர் பட்டியலோடு சம்பந்தமில்லை. ஊர்த் திருவிழாவுக்கு எப்போதும்போல் போய் வரலாம்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் வீட்டில் உள்ள வாக்காளர் அட்டைகளை எடுத்து, அதில் எந்த ஊர் விலாசம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டில் 18 வயதைத் தொட்ட பிள்ளை இருந்தால் படிவத்தை அவர் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள். படிவம் நிரப்பத் தெரியாத முதியவர் அண்டை வீட்டில் இருந்தால் அவருக்கும் உதவச் சொல்லுங்கள்.